டிஎல்டி-யா, வேறு மாத்திரையா? எச்.ஐ.வி. கூட்டு மருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் இவை. டாக்டர் அறையில் கிடைக்கும் நேரம் கொஞ்சம். பாட்டில் கைக்கு வந்த பிறகுதான் சந்தேகமே ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்தியாவில் நாக்கோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழியாக இலவசமாகக் கிடைக்கும் மருந்துகளைப் பற்றித்தான் பேச்சு. கடையில் விற்பவை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது, எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

கூட்டு மருந்துன்னு ஏன் சொல்றாங்க? ஒரே மருந்து போதாதா?

போதாது என்பது அனுபவத்தில் தெரிந்தது. 1987-இல் அமெரிக்காவில் முதல் எச்.ஐ.வி. மருந்தாக சிடோவுடின் வந்தது. அதை மட்டும் கொடுத்தபோது கொஞ்ச நாள் உடம்பு தேறியது, அப்புறம் பழைய நிலைக்கே போனது. இந்தக் கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது நிறையத் தப்பு செய்யும். அந்தத் தப்புகளில் ஏதாவது ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமியாக அமைந்துவிடும். ஒரே மருந்து என்றால் அந்த ஒரு கிருமி தப்பித்துப் பெருகிவிடும்.

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றிலிருந்தும் ஒரே சமயத்தில் தப்பிக்கும் கிருமி உருவாவது மிகவும் அரிது. பெருகுவதே நின்றுவிட்டால் தப்பு செய்யவும் வாய்ப்பில்லை. எச்.ஐ.வி. சாவு நோய் என்ற நிலை அன்றுதான் மாறியது.

எனக்குக் கொடுத்த பாட்டில்ல டிஎல்டி-ன்னு எழுதியிருக்கு. அதுல என்னென்ன இருக்கு?

டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில். முதல் இரண்டும் ஒரே இனம்: கிருமி தன் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக எழுதும் வேலையில் போலிச் சரக்காக உள்ளே நுழைந்து வேலையை நிறுத்தும். டோலுடெக்ராவிர் அடுத்த கட்டத்தில் தடுக்கும். எழுதி முடித்த டி.என்.ஏ.-வை நம் வெள்ளை அணுவின் மரபணுவுக்குள் கிருமி ஒட்டவைக்கப் பார்க்கும், அதை ஒட்டவிடாது.

எந்தக் கூட்டு மருந்தை எடுத்தாலும் அமைப்பு அநேகமாக இதுதான். அடித்தளமாக இரண்டு மருந்து, மேலே பலமான ஒன்று. டிஎல்டி, டிஎல்இ, இசட்எல்என் என்ற பெயர்களில் முதல் இரண்டு எழுத்து அடித்தளம், கடைசி எழுத்து பலமான மருந்து. டிஎல்இ-யில் அது எஃபாவிரென்ஸ், இசட்எல்என்-இல் நெவிரபின்.

எத்தனையோ வருஷமா டிஎல்இ சாப்பிட்டேன், நல்லாத்தானே இருந்தேன். எதுக்கு டிஎல்டி-க்கு மாத்தினாங்க? ஸ்டாக் இல்லாததாலயா?

இல்லை. டோலுடெக்ராவிர் எஃபாவிரென்ஸை விட நல்ல மருந்து, அதுதான் காரணம். எஃபாவிரென்ஸ் சாப்பிட்டவர்களுக்கு நினைவிருக்கும்: தலை கிறுகிறுப்பு, விடிய விடிய கனவு, சிலருக்கு மனச்சோர்வு. பலருக்குச் சில வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. டோலுடெக்ராவிரில் இது வெகுவாகக் குறைவு. வைரல் லோடையும், அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவையும், வேகமாக இறக்கும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. எஃபாவிரென்ஸுக்கும் நெவிரபினுக்கும் அடங்காத கிருமி உருவாக ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும். அது வந்துவிட்டால் இரண்டு மருந்தும் சேர்ந்தே கை விட்டுப் போகும். டோலுடெக்ராவிருக்கு அடங்காமல் போவது கிருமிக்கு அவ்வளவு சுலபமில்லை. வரவே வராது என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் தடவை மருந்து தொடங்குகிறவர்களிடம் அரிது. எப்போதாவது ஒரு மாத்திரை மறக்கிற சாதாரண மனிதர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

இடையில் ஒரு பயம் வந்தது உண்மை. 2018-இல் போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வில், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு சற்று அதிகம் என்று முதல் கணக்கு காட்டியது. பல நாடுகள் பெண்களுக்குக் கொடுக்கத் தயங்கின. இன்னும் நிறையப் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2019-இலேயே உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் இதையே முதல் தேர்வாகச் சொல்லிவிட்டது. அந்தப் பழைய செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, முடிவு மட்டும் சுற்றுவதில்லை.

டிஎல்டி-யை எப்போ போடணும்? சாப்பிட்டா, வெறும் வயித்துலயா?

எப்போது வேண்டுமானாலும். சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம். எஃபாவிரென்ஸ் தலை சுற்றும் என்பதால் ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தில் டிஎல்டி-யையும் ராத்திரியே போட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்பவர்கள் உண்டு. அவர்கள் காலைக்கு மாற்றிப் பார்க்கலாம், அநேகமாகச் சரியாகிவிடும். மாற்றியும் தூக்கமின்மையோ மனச்சோர்வோ தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு ஒரே மாத்திரை. பக்கத்துல நின்னவருக்குக் காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு பை நிறையக் கொடுத்தாங்க. அவருக்கு நோய் முத்திடுச்சா?

மாத்திரையின் எண்ணிக்கையை வைத்து நோயின் நிலையைச் சொல்ல முடியாது. அவர் டிபி மருந்தும் சாப்பிடுகிறவராக இருக்கலாம். சிறுநீரகத்துக்காக மருந்து மாற்றப்பட்டிருக்கலாம். ஒருவேளை முதல் கூட்டு மருந்து பலிக்காதபோது மாற்றித் தரும் செகண்ட் லைனில் இருக்கலாம். அதில் வரும் லோபினாவிர் மாத்திரை காலை இரண்டு, இரவு இரண்டு என்றுதான் வரும். செகண்ட் லைனில் இருந்துகொண்டு வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் வைத்திருப்பவர், ஒரே மாத்திரையைச் சரியாகப் போடாதவரை விட ஆரோக்கியமாகத்தான் இருப்பார்.

அப்புறம், அவர் பையில் என்ன இருக்கிறது என்பது அவர் விஷயம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதைத் தடுக்கிறது.

டிஎல்டி ஆரம்பிச்சதுல இருந்து உடம்பு ஏறுதே. பழைய மருந்துக்கே போயிடலாமா?

எடை கூடுவது உண்மைதான். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. நோயால் வற்றிப்போன உடம்பு தேறுவது ஒன்று, அது நல்லது. ஆனால் அதையும் தாண்டிச் சிலருக்குக் கூடுகிறது, பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான அட்வான்ஸ் என்ற ஆய்வில், எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களை விட டோலுடெக்ராவிர் எடுத்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. டோலுடெக்ராவிரோடு டெனோஃபோவிரின் புதிய வடிவமான டி.ஏ.எஃப். சேர்ந்தபோது இன்னும் அதிகம்.

எஃபாவிரென்ஸும் பழைய டெனோஃபோவிரும் எடை ஏறவிடாமல் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தன என்பதும் இதில் ஒரு பங்கு. எடைக்காக மட்டும் பழைய மருந்துக்குத் திரும்பினால் எடை அவ்வளவாக இறங்குவதில்லை. மேலே சொன்ன பாதுகாப்பை மட்டும் இழப்பீர்கள். எடை, இடுப்பளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துக்கொண்டு சோற்றின் அளவையும் நடையையும் கவனிப்பதுதான் வழி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் பொதுவாகவே சற்று அதிகம். 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு, பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை அந்த அபாயத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்ததாகக் காட்டியது. நாற்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

கிரியாட்டினின் ஏறியிருக்குன்னு லேப்ல சொல்றாங்க. இந்த மருந்து கிட்னியைக் கெடுக்குதா?

இதில் இரண்டு மருந்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டோலுடெக்ராவிர் ஆரம்பித்த முதல் சில வாரத்தில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கும். அது சிறுநீரகம் கெட்டதால் இல்லை. கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு பாதையை மருந்து அடைப்பதால் ரத்தத்தில் அளவு கூடித் தெரிகிறது, அவ்வளவுதான்.

டெனோஃபோவிர் கதை வேறு. சிலருக்கு, முக்கியமாக வயதானவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், வலி மாத்திரை அடிக்கடி போடுகிறவர்கள் ஆகியோருக்கு, அது உண்மையிலேயே சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறையும். அதனால்தான் கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம். ஒரு தடவை ஏறி நின்றால் பயமில்லை, ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 50-க்குக் கீழே போனால் டெனோஃபோவிரை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் அபகாவிர் போடுவார்கள்.

அபகாவிர் ஆரம்பிக்கிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு இவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அபகாவிர் ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லி நிறுத்திவிட்டால், வாழ்நாளில் மறுபடி அந்த மருந்தைத் தொடக்கூடாது. இரண்டாவது தடவை உயிருக்கே ஆபத்தாகும். இது ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு மட்டும் வருவது, முன்கூட்டியே கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

டி.ஏ.எஃப். தான் புதுசு, கிட்னிக்கு நல்லதுன்னு வெளியே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கணுமா? அரசு மாத்திரை மட்டமா?

டி.ஏ.எஃப். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் மென்மையானது, அதில் சந்தேகமில்லை. 300 மி.கி. செய்யும் வேலையை 25 மி.கி. செய்துவிடுகிறது, ரத்தத்தில் சுற்றும் டெனோஃபோவிர் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் எடையும் கொழுப்பும் கூடும் (எடைக் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்). டிபி மருந்தான ரிஃபாம்பிசினோடு பொதுவாகச் சேர்ப்பதில்லை. கிருமியை அடக்குவதில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிற முப்பது வயதுக்காரர் கடன் வாங்கி டி.ஏ.எஃப். வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மூன்றாவது மாதம் காசில்லை என்று நிறுத்துவதுதான் கடைசியில் நடக்கிறது.

அரசு மாத்திரை மட்டம் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. இந்திய ஜெனரிக் கம்பெனிகள் செய்யும் இதே டிஎல்டி-யைத்தான் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த மும்மருந்தை 2001-இல் சிப்லா 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் ஏழை நாடுகளுக்கு இது எட்டியது. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. வைரஸை இந்தியாவில் முதலில் கண்டுபிடித்ததும் சென்னையில்தான், 1986-இல், மருத்துவர்கள் சுனீதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும்.

குறை சொல்ல வேண்டுமென்றால் தரத்தை அல்ல, சப்ளையைச் சொல்லலாம். 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு என்று தில்லி நாக்கோ அலுவலகத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் உட்கார்ந்து போராடினார்கள். அதனால் பாட்டில் தீரும்வரை காத்திராமல் ஒரு வாரம் முன்பே மையத்துக்குப் போய்விடுங்கள்.

எனக்கு டிபி-யும் இருக்கு. ரெண்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?

சாப்பிடத்தான் வேண்டும். முதலில் டிபி மருந்து ஆரம்பிப்பார்கள், அது பழகியதும் அநேகமாக இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து. மூளைக்காய்ச்சல் டிபி என்றால் இன்னும் தள்ளிப்போடுவார்கள்.

டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்துவிடும். அதை ஈடுகட்ட டோலுடெக்ராவிர் 50 மி.கி. மாத்திரை ஒன்றைக் கூடுதலாகக் கொடுப்பார்கள். டிஎல்டி ஒரு வேளை, 12 மணி நேரம் கழித்து அந்தத் தனி மாத்திரை. டிபி மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் இது தொடர வேண்டும். பலர் டிபி முடிந்த அன்றே விட்டுவிடுகிறார்கள். செகண்ட் லைனில் லோபினாவிர், அடாசனாவிர் எடுப்பவர்களுக்கு ரிஃபாம்பிசின் கூடவே கூடாது, அவர்களுக்கு ரிஃபாபுடின் என்ற மாற்று மருந்து உண்டு. ஆகவே டிபி மருந்து எங்கே வாங்கினாலும், கூட்டு மருந்தின் பெயரை அங்கே சொல்லியாக வேண்டும்.

கூட்டு மருந்து ஆரம்பித்த சில வாரத்தில் காய்ச்சல் திரும்ப வந்து கழுத்தில் கட்டி வீங்கினால் மருந்து சேரவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு டிபி-யோடு மோதுவதால் அப்படி வரலாம். உடனே போய்க் காட்டுங்கள்.

சுகர் மாத்திரை, சத்து மாத்திரை, ஜெலுசில் எல்லாம் டிஎல்டி-யோட ஒத்துக்குமா?

மெட்ஃபார்மின் என்றால் அளவைப் பார்க்க வேண்டும். டோலுடெக்ராவிர் அதை ரத்தத்தில் கூட்டும். அதனால் நாளுக்கு 1000 மி.கி.-க்கு மேல் போகாமல் வைப்பது வழக்கம். சுகர் டாக்டருக்கு இது தெரியாமல் 2000 மி.கி. எழுதிவிட வாய்ப்புண்டு.

இரும்பு, கால்சியம், துத்தநாகம் உள்ள சத்து மாத்திரைகளும், அலுமினியம், மெக்னீசியம் உள்ள ஜெலுசில் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகளும் வயிற்றிலேயே டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. டிஎல்டி-யை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போடுங்கள். இரும்பும் கால்சியமும் மட்டும் விலக்கு: சாப்பாட்டோடு சேர்த்து டிஎல்டி-யையும் ஒன்றாக விழுங்கினால் பரவாயில்லை. ஜெலுசிலுக்கு அந்த விலக்கு இல்லை. வலிப்பு மருந்துகளில் கார்பமசெபின், ஃபெனிடாயின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மருந்துகளை ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்கிறவர்கள் அநேகமாக எச்.ஐ.வி. மாத்திரையின் பெயரை மட்டும் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஹெபடைடிஸ் பி-யும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதுக்குத் தனி மருந்து வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கும். ஒரே மாத்திரை இரண்டு வேலை பார்க்கிறது. ஆனால் அதனாலேயே டிஎல்டி-யைத் திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி. மட்டுமல்ல, ஹெபடைடிஸும் பொங்கி எழும். கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். வேறு மருந்துக்கு மாற்றும்போதும் டெனோஃபோவிரின் ஏதாவது ஒரு வடிவம் கூட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் மாசமா இருக்கேன். இதே மாத்திரையைத் தொடரலாமா?

தொடர வேண்டும், ஒரு நாளும் விடாமல். டிஎல்டி இப்போது கர்ப்பிணிகளுக்கும் முதல் தேர்வு. 2018 பயத்தின் கதையை மேலே சொல்லிவிட்டேன். சிகிச்சையே இல்லாவிட்டால் கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் சேர்த்து 15 முதல் 45 சதவீதம் குழந்தைகளுக்குத் தொற்று போகலாம். தாயின் வைரல் லோடு அடங்கியிருந்து குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது மிகச் சிறிய எண்ணாகிவிடும். கர்ப்பத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியமும் கட்டாயம் கொடுப்பார்கள், அதை எப்படிச் சேர்ப்பது என்பது முந்தைய சத்து மாத்திரைப் பதிலில் இருக்கிறது.

குழந்தைக்கும் இதே மாத்திரையை உடைச்சுக் கொடுக்கலாமா?

கூடாது. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு. தண்ணீரில் கரையும் 10 மி.கி. டோலுடெக்ராவிர் மாத்திரை தனியாக இருக்கிறது, அதோடு அபகாவிரும் லாமிவுடினும் சேரும். 30 கிலோ தாண்டிய பிறகுதான் பெரியவர்களின் டிஎல்டி. ஒவ்வொரு வருகையிலும் குழந்தையை எடை போடச் சொல்லுங்கள், எடை ஏறியும் பழைய அளவே கொடுத்துக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கும் தவறு.

வைரல் லோடு ரிப்போர்ட்ல கிருமியே இல்லைன்னு வந்திருக்கு. நிறுத்திடலாமா? பொண்டாட்டிக்குப் பரவாதா?

நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் தெரியவில்லையே தவிர, நீண்ட நாள் உயிரோடு இருக்கும் வெள்ளை அணுக்களுக்குள் கிருமியின் மரபணு ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போதுள்ள எந்த மாத்திரையும் அதைத் தொடாது. நிறுத்தினால் சில வாரத்தில் திரும்ப வரும். 2006-இல் வெளியான ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வு, சி.டி.4 (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் ஆரம்பித்துப் பார்த்தது. நிறுத்தியவர்களிடம் சாவும், இதய, சிறுநீரக, கல்லீரல் பிரச்சினைகளும் அதிகமானதால் ஆய்வையே பாதியில் முடித்தார்கள்.

பரவுவதைப் பொறுத்தவரை நல்ல செய்தி. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. சென்னையையும் ஒரு மையமாகக் கொண்டு நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு 2011-இல் இதற்கு வழி காட்டியது, அதன்பின் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் உறுதி செய்தன. ஆனால் இது மருந்தை ஒழுங்காகப் போடும்வரைக்கும்தான். மற்ற பால்வினை நோய்களுக்கும், வேண்டாத கர்ப்பத்துக்கும் காண்டம் இன்னும் தேவை.

வைரல் லோடு நல்லா இருக்கு, ஆனா சி.டி.4 மட்டும் ஏறவே மாட்டேங்குது. வேற மருந்து கேட்கலாமா?

கேட்டுப் பயனில்லை. மருந்தின் வேலை கிருமியை நிறுத்துவது, அது நடந்துகொண்டிருக்கிறது. சி.டி.4 எவ்வளவு ஏறும் என்பது எவ்வளவு தாமதமாகத் தொடங்கினோம், வயது என்ன என்பதைப் பொறுத்தது. சி.டி.4 50 இருக்கும்போது தொடங்கியவருக்கு அது 500-ஐத் தொட வருடங்கள் ஆகலாம். அதுவரை வேறு தொற்றுகள் வராமல் தடுக்க டாக்டர் எழுதும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை விடாதீர்கள்.

ரெண்டு நாள் மாத்திரை போட மறந்துட்டேன். சேர்த்து மூணு போடட்டுமா?

வேண்டாம். நினைவு வந்ததும் ஒன்று போட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குத் திரும்புங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரத்துக்குள் இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இரட்டை அளவு எப்போதும் கூடாது. ஊருக்குப் போனது, திருவிழா, சாவு வீடு என்று காரணம் எதுவானாலும் மையத்தில் உண்மையைச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து எல்லாம் சரியாகப் போட்டேன் என்று சொன்னால், மருந்துதான் வேலை செய்யவில்லை என்று டாக்டர் முடிவு செய்துவிடுவார்.

வைரல் லோடு ஏறிடுச்சு. செகண்ட் லைனுக்கு மாத்திடுவாங்களா?

உடனே இல்லை. 1000-ஐத் தாண்டினால் முதலில் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, வேறு மருந்து குறுக்கிடுகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மாதம் கண்காணித்துத் திரும்ப எடுப்பார்கள். டிஎல்டி-யில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு அந்த இரண்டாவது ரிப்போர்ட்டிலேயே இறங்கிவிடும், ஏனென்றால் கிருமி எதிர்ப்பு பெற்றிருக்காது, மாத்திரை உள்ளே போகாததுதான் காரணமாக இருக்கும். நேரத்துக்கு ஜெலுசிலோடு டிஎல்டி-யை விழுங்குவதும் இதே விளைவைத் தரும். அப்படியும் இறங்காவிட்டால்தான் அடாசனாவிர், லோபினாவிர், தருனாவிர் என்ற புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் வரும்.

செகண்ட் லைன் ஆரம்பிச்சதுல இருந்து கண்ணு மஞ்சளா இருக்கு. காமாலையா?

அடாசனாவிர் எடுப்பவராக இருந்தால், கல்லீரல் பரிசோதனையில் மற்ற எண்கள் சரியாக இருந்தால், அது நோயில்லை. பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றும் நொதியை மருந்து தடுப்பதால் வரும் மஞ்சள் அது, ஆபத்து இல்லை. பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள் என்ற சங்கடம் மட்டும் உண்டு, அது தாங்கமுடியாவிட்டால் மாற்றித் தரச் சொல்லலாம். இதை உணவோடு போட வேண்டும். ஒமிபிரசோல் போன்ற அல்சர் மாத்திரைகள் இதைக் கெடுக்கும். லோபினாவிரில் மஞ்சள் வராது, வயிற்றுப்போக்கும் கொழுப்பும் வரும்.

அடாசனாவிர், லோபினாவிர், தருனாவிர் மூன்றோடும் ரிடோனாவிர் என்ற துணை மருந்து சேர்ந்திருக்கும். கல்லீரலின் வேகத்தைக் குறைத்து முக்கிய மருந்தை ரத்தத்தில் அதிக நேரம் நிற்க வைப்பது அதன் வேலை. மற்ற மருந்துகளையும் அதே மாதிரி தேக்கிவிடுவதுதான் பிரச்சினை. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு, முட்டிவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, சில கொழுப்பு மாத்திரைகள், ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமின் எல்லாம் இதோடு ஆபத்து. எலும்பு டாக்டரிடம் எச்.ஐ.வி. என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் ரிடோனாவிர் சாப்பிடுகிறேன் என்றாவது சொல்லுங்கள்.

எனக்கு எச்.ஐ.வி.-2 ன்னு எழுதியிருக்காங்க. அதுக்கும் இதே மருந்தா?

எச்.ஐ.வி.-யின் அரிதான இன்னொரு வகை அது. டிஎல்டி அதற்கும் வேலை செய்யும். ஆனால் எஃபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டும் எச்.ஐ.வி.-2 மேல் சுத்தமாக வேலை செய்யாது. பழைய காலத்தில் வகை தெரியாமல் டிஎல்இ-யில் இருந்தவர் என்றால் அதை டாக்டரிடம் நினைவூட்டுங்கள். இன்னொரு சிக்கல், வழக்கமான வைரல் லோடு பரிசோதனை எச்.ஐ.வி.-1-ஐ மட்டும்தான் எண்ணும். எச்.ஐ.வி.-2 உள்ளவருக்குக் கிருமி இல்லை என்று வரும் ரிப்போர்ட்டை வைத்துச் சந்தோஷப்பட முடியாது, சி.டி.4-ஐத்தான் பார்க்க வேண்டும்.

மூலிகை மருந்தால குணமாகுதுன்னு வீடியோ பார்த்தேன். அதோட ஒப்பிட்டா எது நல்லது?

ஒப்பிட ஒன்றுமே இல்லை. எந்த மூலிகையும் வைரல் லோடைக் கண்டறிய முடியாத அளவுக்கு இறக்கியதாக நிரூபிக்கப்படவில்லை. விற்கிறவரிடம் முன்னும் பின்னும் எடுத்த வைரல் லோடு ரிப்போர்ட்டைக் கேளுங்கள். சத்துக்கு என்று எதையாவது சேர்த்துச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், உலோகம் சேர்ந்த பஸ்பங்களுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

மூணு வேண்டாம், ரெண்டு மருந்தே போதும்னு வந்திருக்காமே?

டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டும் சேர்ந்த கூட்டு அது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டெனோஃபோவிர் இல்லாததால் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் லாபம். ஆனால் ஹெபடைடிஸ் பி இருந்தால் கூடாது, காரணம் மேலே இருக்கிறது. லாமிவுடினுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு வந்தவருக்கும் சரிப்படாது. பழைய சிகிச்சை விவரம் இல்லாத ஒருவர் தானாக இதற்கு மாறுவது, உண்மையில் ஒரே மருந்தில் ஓடுவதாக முடியலாம். முதல் கேள்வியில் சொன்ன 1987 நிலைமைதான் அது.

வருஷத்துக்கு ரெண்டு ஊசி போட்டா போதுமாமே. அது வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

இரண்டு வேறு ஊசிகளை ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்பது லெனகபாவிர். 2025-இல் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த அனுமதி, தொற்று இல்லாதவர்களுக்கு வராமல் தடுக்க. 2027-லிருந்து வருடத்துக்கு 40 டாலர் விலையில் ஜெனரிக் வரும் என்று அறிவித்திருப்பதும் அந்தத் தடுப்பு ஊசிக்குத்தான், தயாரிக்கப்போகிறவர்களில் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ என்ற இந்தியக் கம்பெனிகள் இருக்கின்றன. தொற்று உள்ளவர்களில் பல மருந்துகள் கைவிட்டவர்களுக்கு மட்டும், அதுவும் வேறு மருந்துகளோடு சேர்த்துத்தான் அது தரப்படுகிறது.

சிகிச்சைக்கான ஊசி கபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் சேர்ந்த ஜோடி. மாதத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு பிட்டத்திலும் ஒவ்வொன்று. மாத்திரையால் வைரல் லோடு அடங்கியவர்களுக்கு மாற்று வழியாக இதை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மாத்திரையை வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரில்பிவிரினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கும் ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும் சரிவராது. நெவிரபினிலோ எஃபாவிரென்ஸிலோ தோற்றுப்போனவர்களுக்கும் சந்தேகம்தான், ரில்பிவிரின் அதே இனம். தவணை தவறினால் மருந்து உடம்பில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அந்தக் குறைந்த அளவில்தான் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே காத்திருக்க வேண்டாம். ஊசிக்கு மாறுவதற்கும் முதலில் வைரல் லோடு அடங்கியிருக்க வேண்டும், அதை இன்றைக்கு டிஎல்டி செய்து தரும். உங்கள் ஊர் மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097-க்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.